எழுத்துக்கூட்டும் பிள்ளை எப்போது புத்தகத்தைத் தேடி வரும்?

கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஒரு டீச்சர் கேட்டது இது. மூன்றாம் வகுப்பில் 17 பிள்ளைகள். ஆறு பேர் தடையில்லாமல் படிக்கிறார்கள். ஏழு பேர் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். வரி முடியும்போது ஆரம்பம் மறந்துபோகிறது. நான்கு பேருக்குப் பாதி எழுத்துகள்தான் தெரியும். பல வீடுகளில் தெலுங்கு, சில வீடுகளில் கன்னடம். பள்ளியில் ஒரு பீரோ நிறையக் கதைப் புத்தகம் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தால் படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறார்கள். "முதலில் எழுத்தை முடித்துவிட்டு அப்புறம் புத்தகத்துக்குப் போகவா, இல்லை புத்தகத்தையே கொடுத்துக்கொண்டிருக்கவா?" என்பது அவருடைய கேள்வி.

டீச்சர், இரண்டையும் தினமும் செய்யுங்கள். ஆனால் இரண்டுக்கும் தனித்தனி நேரம் வையுங்கள். எழுத்து சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் கண்டிப்பாக எழுத்துதான். கதை நேரத்தில் கதை மட்டும்தான். அங்கே ஒரு எழுத்தைக்கூடச் சோதிக்காதீர்கள். நான் 1996-ல் வேலைக்கு வந்தபோது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை, எல்லாம் தருமபுரிதான். முதலில் போட்டது தளி ஒன்றியத்தில். பிறகு பாலக்கோடு, பென்னாகரம் என்று எல்லாமே தொடக்கப் பள்ளிகள்தான். இந்த இரண்டு நேரத்தையும் கலந்ததுதான் என் முதல் பத்து வருடத்தில் நான் செய்த பெரிய பிழை. கதை படிக்கும்போதே நிறுத்தி "இது என்ன எழுத்து, சொல்லு" என்பேன். பிள்ளைகளுக்குக் கதையும் போய்விடும், எழுத்தும் பதியாது.

எழுத்தை முடித்துவிட்டுப் புத்தகத்துக்குப் போகலாம் என்று காத்திருந்தால் என்ன ஆகும்? தமிழில் 247 எழுத்து. இவை அத்தனையும் தனித்தனி உருவம் இல்லை என்றாலும், உயிர்மெய்க் குறிகள் எல்லாம் கைக்கு வர ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று வருடம் ஆவது இயல்பு. கன்னடப் பிள்ளைகளிடம் சோனாலி நாக் செய்த ஆய்வுகளும் இதைத்தான் காட்டுகின்றன: நம் மொழிகளின் எழுத்து வரிசை நீளமானது, அது பிடிபட ஆங்கில எழுத்தைவிட அதிக வருடம் எடுக்கும். அந்த இரண்டு மூன்று வருடமும் பிள்ளை கையில் கதை இல்லாமல் அட்டையும் பயிற்சித் தாளும் மட்டுமே இருந்தால், 'படிப்பது என்றால் டீச்சர் விரல் வைக்கும் இடத்தைச் சொல்வது' என்று அது முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவை நான்காம் வகுப்பில் மாற்றுவது மிகவும் கஷ்டம்.

சரி, கதை நேரம் எப்படி இருக்க வேண்டும்? தினமும் 15 நிமிடம் போதும். நான் மதியச் சாப்பாடு முடிந்த முதல் பாடவேளையில் வைத்துக்கொள்வேன். வெயிலும் தூக்கமும் சேர்ந்த நேரம் அது, கணக்கு நடத்தினாலும் ஏறாது. பிள்ளைகளைப் பக்கத்தில் அழைத்து அரைவட்டமாக உட்கார வைத்து, புத்தகத்தை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்து வாசித்துக் காட்டுங்கள். வாசித்துக் காட்டுவது வேறு, கதை சொல்வது வேறு. இரண்டும் நல்லதுதான். ஆனால் வாசித்துக் காட்டும்போதுதான் 'இந்தக் கோடுகளுக்குள் இருந்துதான் கதை வருகிறது' என்று பிள்ளைக்குத் தெரிகிறது. ஆகவே புத்தகத்தில் இருக்கும் சொற்களை மாற்றாமல் வாசியுங்கள். முந்தின நாள் வீட்டில் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிடுங்கள். எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே நிறுத்தித் தாளைத் திருப்புவது என்பது அப்போதுதான் பிடிபடும். ஒரே புத்தகத்தை வாரத்தில் மூன்று முறை வாசிக்கத் தயங்காதீர்கள். மூன்றாவது முறை அடுத்த வரியைப் பிள்ளைகளே சொல்வார்கள். நான்காவது நாள் அந்தப் புத்தகத்தை அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் சும்மா வைத்துவிட்டுப் பாருங்கள். எழுத்து பாதி தெரிந்த பிள்ளைகூட அதை எடுத்து, விரல் வைத்து, மனதில் இருக்கும் வரியைச் சொல்லிக்கொண்டே போகும். பார்ப்பவர்கள் இதை மனப்பாடம் என்பார்கள். என்னைக் கேட்டால் படிப்பின் முதல் படி அதுதான். பார்த்த எழுத்தும் கேட்ட ஒலியும் அந்த விரல் நுனியில்தான் முதலில் சந்திக்கின்றன.

கதை முடிந்ததும் "இந்தக் கதையால் நாம் அறியும் நீதி என்ன?" என்று கேட்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தக் கேள்வி வரப்போகிறது என்று தெரிந்தால் பிள்ளை கதையைக் கேட்காது, பதிலைத் தேடிக்கொண்டிருக்கும். ஒரு நரியைப் பற்றிய கதையை முடித்துவிட்டு நான் பேசாமல் இருந்தபோது, இரண்டு நிமிடம் கழித்து ஒரு பெண், "டீச்சர், அந்த நரிக்கு அம்மா இல்லியா?" என்று கேட்டாள். வகுப்பே அதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது. நான் எந்தக் கேள்வி கேட்டிருந்தாலும் அந்தப் பேச்சு வந்திருக்காது.

உங்கள் வகுப்பில் கதை நேரத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தெரியாதது பாதிப் பிரச்சினை. தமிழ்ச் சொல்லே தெரியாதது மீதிப் பாதி. குக்க என்று வீட்டில் சொல்லும் பிள்ளை 'நாய்' என்று சரியாகக் கூட்டிப் படித்துவிட்டு, எதைப் படித்தோம் என்று தெரியாமல் நிற்கும். கூட்டத் தெரிவது, மொழி தெரிவது இரண்டும் சேர்ந்தால்தான் வாசிப்பு. ஆகவே புதுப் புத்தகம் எடுக்கும் அன்று, வாசிப்பதற்கு முன்பு படங்களைக் காட்டி அந்தக் கதையைத் தெலுங்கிலோ கன்னடத்திலோ சொல்லவிடுங்கள். உங்களுக்கு அந்த மொழி வராவிட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை அழைத்துக்கொள்ளுங்கள், அல்லது சத்துணவுக் கூடத்து அம்மாவைக் கேளுங்கள். கதை என்னவென்று தெரிந்தபின் தமிழில் கேட்கும்போது சொற்கள் தாமாக இடம் பிடித்துக்கொள்ளும். 2006-ல் வந்த சட்டத்தின்படி முதல் வகுப்பிலிருந்தே எல்லாப் பிள்ளைகளும் தமிழ் படிக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வகுப்பில் தெலுங்கு பேசினால் அதட்டுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. தளியில் இருந்தபோது நானும் அதட்டியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் தெலுங்கை விடவில்லை, என்னோடு பேசுவதைத்தான் விட்டார்கள்.

இப்போது எழுத்து நேரம். இதற்கு தினமும் அரை மணி நேரம் வேண்டும். தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து மூன்று நிமிடம் செலவிடுங்கள். வரிசை மாற்றி எழுதிய 20 எழுத்து, பத்து எளிய சொல், நான்கு வரிக் கதை ஒன்று. மதிப்பெண் போட வேண்டாம். எங்கே தடுக்கியது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 'வரிசை மாற்றி' என்பது முக்கியம். க கா கி கீ என்று பாட்டாகச் சொல்லும் பிள்ளையிடம் நடுவில் 'கூ' மீது விரல் வைத்தால், அது மனதுக்குள் க-விலிருந்து பாடிக்கொண்டு வந்துதான் பதில் சொல்லும். அந்தப் பிள்ளைக்கு வரிசை தெரியும், எழுத்து தெரியாது. 17 பிள்ளைகளையும் இரண்டு நாளில் பார்த்துவிடலாம். அந்த ஒரு தாள் உங்களுக்கு வருடம் முழுக்க வழி காட்டும்.

அகர வரிசையில் நடத்த வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்த காலத்திலேயே ட, ப, ம என்று எழுத எளிதான உருவங்களில் தொடங்கி, இரண்டு மூன்று எழுத்து தெரிந்ததும் படம், மடம், பட்டம் என்று சொல்லுக்குப் போய்விட்டோம். அது நல்ல வழி. மூன்று எழுத்து தெரிந்தவுடன் ஒரு சொல்லைப் படித்துவிட்டோம் என்ற சந்தோஷம் பிள்ளைக்குக் கிடைக்கிறது. பாதி எழுத்து தெரிந்த நான்கு பேருக்கும் இப்படியே தொடங்குங்கள். தெரிந்த எழுத்துகளை வைத்து எத்தனை சொல் வருமோ அத்தனையும் எழுதிப் படிக்கவிட்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று புது எழுத்து மட்டும் சேருங்கள்.

அடுத்து, நம் எழுத்தில் எங்கே பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதைப் பயிற்சி வகுப்புகளில் அதிகம் பேசுவதில்லை. முதலாவது, துணைக்கால். அச்சில் துணைக்காலும் 'ர' எழுத்தும் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும். 'கார்' என்பதை 'கரர்' என்று படிக்கும் பிள்ளை தப்பாகப் பார்க்கவில்லை. கண்ணில் படுவதைத்தான் சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, சொல்லாகப் படித்துப் பொருள் வருகிறதா என்று பார்க்கப் பழக்குங்கள். இரண்டாவது, கொம்பு. கெ, கே, கை எல்லாவற்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ என்றால் எழுத்தின் இரண்டு பக்கமும் குறி. இடமிருந்து வலமாகப் படி என்று நாமே சொல்லிக்கொடுத்துவிட்டு, இங்கே மட்டும் கண் முன்னே போய்ப் பின்னே வர வேண்டும் என்கிறோம். இதற்கு நான் கண்ட ஒரே வழி, கொம்பையும் எழுத்தையும் ஒரே அட்டையில், ஒரே வண்ணத்தில், பிரிக்காமல் காட்டுவதுதான். "ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால், கொ" என்று உறுப்புகளின் பெயரைச் சொல்வதெல்லாம் எழுதப் பழகும்போது உதவும். படிக்கும்போது அது பெரிய சுமை. படிக்கும்போது ஒலி மட்டும் போதும். மூன்றாவது, உகர வரிசை. ஆகாரத்துக்கு ஒரு கால் ஒட்டினால் போதும். ஆனால் கு, சு, டு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். இந்த வரிசைக்கு மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு நாள் ஒதுக்குங்கள். ஒரு காலத்தில் ணா, றா, னா, லை, னை எல்லாமும்கூட தனி உருவத்தில் இருந்தன; 1978 எழுத்துச் சீர்திருத்தம் அவற்றை நேராக்கியது. தாத்தா காலத்துப் புத்தகத்தை வீட்டிலிருந்து ஒரு பையன் கொண்டுவந்து, "டீச்சர், இதுல 'லை' வேற மாதிரி இருக்கு" என்று காட்டியபோது வகுப்புக்கே அது ஒரு புதையல் மாதிரி ஆகிவிட்டது.

புள்ளி வைத்த எழுத்தில் உங்கள் பிள்ளைகள் ஒரு குறிப்பிட்ட தடுமாற்றம் காட்டுவார்கள். 'பால்' என்று எழுதியிருந்தால் 'பாலு' என்று படிப்பார்கள். வீட்டில் பாலு, நீரு, ஊரு, கண்ணு என்று காதில் விழுவதால் வருவது அது. தமிழ் வீடுகளிலும் பேச்சில் அப்படித்தான் சொல்கிறோம். இதைத் தவறு என்று திருத்தாமல் பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் வீட்டுச் சொல், மறு பக்கம் புத்தகச் சொல்: பாலு, பால், நீரு, நீர், ஊரு, ஊர். கடைசியில் அந்த உகரத்தை எடுத்துவிட்டுப் புள்ளி வைக்கிறோம் என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். மூன்று மொழிக்கும் நெருக்கமான இந்தச் சொற்களிலிருந்து தொடங்குவதில் அவர்களுக்கு ஒரு தைரியமும் வரும். 'பல்', 'பஸ்' இரண்டிலும் ஒரே 'ப' என்பது போன்ற ஒலி வேறுபாட்டுக்கு விதி எதுவும் சொல்ல வேண்டாம்; சொல் தெரிந்தால் ஒலி தானாக வரும். ழகரத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்று வாசிப்பின் நடுவில் நிறுத்தவும் வேண்டாம். அதற்குத் தனியாகப் பாட்டு நேரம் வைத்துக்கொள்ளலாம்.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் அந்த ஏழு பேருக்கு எழுத்து தெரியும். அவர்களுடைய சிக்கல் சொல்லின் நீளம். 'மரம்' என்று படிக்கும் பிள்ளைக்கு 'மரத்திலிருந்து' என்பது முன்பின் தெரியாத சொல்லாகத் தோன்றும். 'ஓடிக்கொண்டிருந்தார்கள்' என்பதற்குள் எழுத்தெழுத்தாக நுழைந்தால் பாதியில் மூச்சு வாங்கும். ஆகவே ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு சொல்லை எடுத்து அதன் குடும்பத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள்: மரம், மரத்தில், மரத்தை, மரத்துக்கு, மரத்திலிருந்து. வாலை மட்டும் வேறு நிறச் சுண்ணக்கட்டியில் எழுதுங்கள். அந்த வால்களை ஒரே பார்வையில் அடையாளம் காணப் பழகிவிட்டால் வேகம் தானாகக் கூடும். கூடவே, தெரிந்த ஒரு சின்னப் பத்தியை ஜோடி ஜோடியாக நான்கைந்து முறை திரும்பத் திரும்பப் படிக்கவிடுங்கள். புதுப் பத்தியைத் தினமும் ஒரு முறை படிப்பதைவிட, ஒரே பத்தியை ஐந்து முறை படிப்பது இந்தக் கட்டத்தில் நல்ல பலன் தரும். முதல் முறை எழுத்தோடு மல்லுக்கட்டிய பிள்ளை ஐந்தாவது முறை பேசுவது போலப் படிக்கும். தன் குரல் அப்படி வருவதை அது ஒரு முறை கேட்டுவிட வேண்டும்.

2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்தபிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்க வழி ஏற்பட்டது. ஈராசிரியர் பள்ளிக்கு இது உண்மையிலேயே உதவி. ஒரே ஓர் எச்சரிக்கை: பிள்ளைகளுக்கு இந்தப் பெயரெல்லாம் உடனே புரிந்துவிடும். "நான் அரும்பு டீச்சர், எனக்கு அது வராது" என்று ஒரு பையன் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நிலை பிரிப்பது எழுத்து நேரத்துக்கு மட்டும் இருக்கட்டும். கதை நேரத்தில் எல்லோரும் ஒன்றாக உட்காரட்டும், மாதத்துக்கு ஒருமுறை குழுவை மாற்றிப் போடுங்கள்.

கதைக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும். அது பிள்ளையின் சொந்த வாக்கியம். திங்கட்கிழமை காலையில் ஒரு பிள்ளையைப் பேசச் சொல்லுங்கள். "எங்க ஆயா சந்தைக்குப் போச்சு. எனக்குப் பொரி வாங்கியாந்துச்சு." சொன்னதைச் சொன்னபடியே கரும்பலகையில் எழுதுங்கள், பேச்சுத் தமிழில்தான். வாயில் வந்த சொல் எழுத்தாகி நிற்பதைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து அதைப் படிக்கட்டும். மறுநாள் பக்கத்திலேயே புத்தகத் தமிழில் எழுதுங்கள்: "என் ஆயா சந்தைக்குப் போனார். எனக்குப் பொரி வாங்கி வந்தார்." நாம் பேசும் தமிழும் புத்தகத் தமிழும் வேறு வேறு என்பதை யாரும் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்வதில்லை. சொல்லாமலே விட்டால், புத்தகத்தில் இருப்பது ஏதோ வெளியூர்க்காரர் பேச்சு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டையும் அருகருகே ஒரு மாதம் பார்த்தால் போதும், 'போச்சு என்றால் போனார்' என்று அவர்களே மாற்றிப் படிப்பார்கள். இந்த வாக்கியங்களை ஏ4 தாளை மடித்து எட்டுப் பக்கமாக ஆக்கி, படம் வரையச் சொல்லி, நூல் போட்டுத் தைத்தால் அது ஒரு புத்தகம். மாங்காய் லோடு ஏற்றியது, எருது விடும் விழாவில் மாமா விழுந்தது, கேழ்வரகுக் களி கிண்டும்போது கை சுட்டது என்று எங்கள் பள்ளியில் இப்படி ஒரு கூடை நிறையப் புத்தகம் சேர்ந்தது. கதைப் புத்தகத்தைத் திரும்பிப் பார்க்காத பிள்ளைகூட 'கூடப் படிக்கிறவன் எழுதியதை' எடுத்துப் படித்துவிடும். அந்த நான்கு பேருக்கும் இதுதான் முதல் புத்தகமாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பள்ளிக்கு வெளியே இருக்கும் எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். பஸ் போர்டு ஓர் அருமையான பாடப் புத்தகம். பென்னாகரம் என்றால் ஒற்றைக்கொம்பு, பாலக்கோடு என்றால் கொம்பும் காலும், காரிமங்கலம் என்றால் துணைக்கால். கிருஷ்ணகிரி என்ற பெயரிலேயே 'ஷ்' இருக்கிறது. பாடப் புத்தகம் அதைச் சொல்லித் தருவதற்கு முன்பே பிள்ளை அதைத் தினமும் பார்த்துவிடுகிறது. ஒரு பஸ்ஸில் தருமபுரி, இன்னொன்றில் தர்மபுரி. "எது டீச்சர் சரி?" என்று ஒருமுறை வகுப்பே சண்டை போட்டது. இரண்டையும் எழுதி, இரண்டையும் சொல்லிப் பார்த்து, எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். பக்கத்து நிலத்தில் நடுகல் இருந்தால் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் நடுகற்களுக்குக் குறைவில்லை, பலவற்றில் வட்டெழுத்து இருக்கிறது. தருமபுரி அகழ்வைப்பகத்திலும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்து நமக்கே படிக்க வராது. ஆனால் ஓர் ஆள் இறந்ததை ஊர் மறக்கக் கூடாது என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால், கல்லைத் தடவிப் பார்க்கும் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்கத் தோன்றாது.

அடுத்து அந்த பீரோ. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் நூற்றுக்கும் மேற்பட்ட கதைப் புத்தகங்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தன. சாவி தலைமையாசிரியரிடம். புத்தகம் தொலைந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், தணிக்கை என்றால் எல்லோருக்கும் பயம்தான். ஆனால் நூலகத் துறைக்கு அடித்தளம் போட்ட நம் சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவதே 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்பதுதான். பீரோவைத் திறந்துவிடுங்கள். ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டி, துணி கிளிப்பில் புத்தகங்களை அட்டை தெரியும்படி பிள்ளைகளின் கண் உயரத்தில் தொங்கவிடுங்கள். ஒரே நேரத்தில் 25 போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கொடுக்கல் வாங்கல் நோட்டை ஐந்தாம் வகுப்பில் இரண்டு பேரிடம் கொடுங்கள். அந்த நோட்டில் பெயர், புத்தகம், தேதியோடு 'என்ன ஆச்சு' என்று ஒரு கட்டமும் போடச் சொல்லுங்கள். எங்கள் நோட்டில் 'மழையில் நனைந்தது', 'தங்கச்சி கிறுக்கிட்டா', 'ஆடு ஒரு பக்கம் தின்னுடுச்சு' என்றெல்லாம் இருந்தது. உண்மையைச் சொன்னால் திட்டு கிடையாது என்று தெரிந்ததும் புத்தகம் தொலைவதும் குறைந்தது. வெள்ளிக்கிழமை மாலையில் மைதா பசையும் பழைய காலண்டர் தாளும் வைத்துக் கிழிந்ததை ஒட்டுவோம். ஒட்டிய புத்தகத்துக்குத்தான் பிள்ளைகளிடம் மவுசு அதிகம். வருட முடிவில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சேதமான புத்தகங்களின் பட்டியலை வைத்து, தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆய்வுக்கு வருகிறவர்களிடம் காட்ட அது இருந்தால் உங்களுக்கு நிம்மதி.

புத்தகம் வீட்டுக்குப் போக வேண்டும், இதில் பின்வாங்காதீர்கள். 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.5 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. மாநில அளவில் அப்போது 80. அந்தப் பெற்றோர்களின் பிள்ளைகள்தான் இன்று நம் வகுப்பில் இருக்கிறார்கள். வீட்டில் படிக்கத் தெரிந்தவர் இல்லை என்றால் கேட்கத் தெரிந்தவர் இருப்பார். வாரத்தில் இரண்டு நாள் 'ஆயாவுக்கு ஒரு கதை படித்துக் காட்டு' என்பது மட்டுமே வீட்டுப்பாடமாக இருக்கட்டும். பென்னாகரம் பக்கம் என் வகுப்பில் பலருக்கு அம்மா அப்பா பெங்களூரில் கட்டட வேலை; பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம். இரவு போன் வரும்போது என்ன பேசுவது என்று தெரியாமல் "சாப்ட்டியா" என்பதோடு முடிந்துவிடும். ஒரு பெண் அந்த நேரத்தில் அம்மாவுக்கு ஒரு பக்கம் படித்துக் காட்ட ஆரம்பித்தாள். அடுத்த மாதம் ஊருக்கு வந்த அந்த அம்மா பள்ளிக்கே வந்து, "அந்த முயல் கதையில அப்புறம் என்னங்க டீச்சர் ஆச்சு? நடுவுல போன் கட் ஆயிடுச்சு" என்று கேட்டார். அன்று வகுப்பில் உட்கார வைத்து முழுக் கதையையும் அவருக்கு வாசித்துக் காட்டியது அவருடைய மகள்தான்.

புத்தகத்துக்கு எங்கே போவது என்று பலர் கேட்பார்கள். உங்களிடம் ஏற்கனவே இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையில் இருக்கின்றன. மெலிதானவை, ஒரே மூச்சில் முடிக்கலாம். 'நுழை' புத்தகங்களை அந்த நான்கு பேருக்கும் தயங்காமல் கொடுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கதைகள் இலவசம். இறக்கி அச்சடிக்கவும் அனுமதி உண்டு. ஒரே கதையைத் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்து வைத்துக்கொண்டால் நான் மேலே சொன்ன வேலைக்கு மிகவும் உதவும். வாங்குவதாக இருந்தால் நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா, புக்ஸ் ஃபார் சில்ரன் வெளியீடுகளைப் புரட்டிப் பாருங்கள். மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது, முடிந்தால் ஒவ்வொருவர் கையிலும் ஐம்பது ரூபாயாவது இருக்க ஏற்பாடு செய்யுங்கள். தானே தேர்ந்தெடுத்து வாங்கிய முதல் புத்தகத்தைப் பிள்ளை தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளும். அது என்ன புத்தகமாக இருந்தாலும் "இதையா வாங்கினாய்?" என்று கேட்காதீர்கள்.

யார் அதிகப் புத்தகம் படித்தது என்று போட்டி வைக்க வேண்டாம். பரிசுக்காகப் படிப்பவர்கள் மெலிந்த புத்தகங்களாக எண்ணி எடுப்பார்கள். மெதுவாகப் படிக்கும் பிள்ளை முதல் வாரத்திலேயே விலகிவிடும். அதற்குப் பதில் தினமும் பத்து நிமிடம் எல்லோரும் மௌனமாக அவரவர் புத்தகத்தைப் பார்க்கட்டும். அந்தப் பத்து நிமிடமும் நீங்கள் உங்கள் புத்தகத்தைப் படியுங்கள். பள்ளித் தகவல்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் வேலை, போன் எதுவும் வேண்டாம். பெரியவர் ஒருவர் தனக்காகப் படிப்பதைப் பல பிள்ளைகள் பள்ளியில்தான் முதன்முதலில் பார்க்கிறார்கள்.

பாதி எழுத்து தெரிந்த அந்த நான்கு பேரில் யாராவது கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார்களா, கூப்பிட்டால் தாமதமாகத் திரும்புகிறார்களா என்றும் கவனியுங்கள். நடமாடும் மருத்துவக் குழு வரும் நாளில் அவர்களை முதலில் காட்டுங்கள். ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் எழுத்து நிற்கவே இல்லை என்றால் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரை வரச் சொல்லிக் கேளுங்கள். சோம்பேறி என்று மட்டும் யாரும் முத்திரை குத்திவிட வேண்டாம்.

எத்தனை நாளாகும் என்று கேட்டிருந்தீர்கள். தினமும் அரை மணி எழுத்து, கால் மணி கதை என்று விடாமல் செய்தால், எழுத்துக்கூட்டும் பிள்ளைகள் ஒரு பருவத்திலேயே மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். பாதி எழுத்து தெரிந்தவர்களுக்கு ஒரு கல்வியாண்டு முழுக்கத் தேவைப்படும். நடுவில் திருவிழா, மாங்காய் சீசன் என்று வராமல் போகும் நாட்களையும் கணக்கில் வையுங்கள். வாயே திறக்காத ஒரு பையனைப் பற்றித் தனியாகச் சொல்லியிருந்தீர்கள். அவனை இப்போதைக்குப் படிக்கச் சொல்லாதீர்கள். நாளை கதை நேரத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார வைத்து, தாளைத் திருப்பும் வேலையை அவனிடம் கொடுங்கள். சரியான இடத்தில் திருப்ப வேண்டும் என்றால் அவன் வரியைப் பின்தொடர்ந்துதான் ஆக வேண்டும். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள், வேண்டுமென்றே ஒரு வரியைத் தவறவிட்டு வாசியுங்கள்.